டீசல் எதுவரைக்கும் வருது?

டிராக்டரின் டீசல் லைனைப் பற்றி எனக்கு நாலு விஷயம் தெரியும் என்றால் அதற்கு ஆர்வம் காரணமில்லை. பாதி கஞ்சத்தனம், பாதி வீம்பு. "டீச்சருக்கு மெஷின்னா உசுரு" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நானும் மறுத்ததில்லை, கேட்க நன்றாகத்தானே இருக்கிறது. உண்மை வேறு. பழுது பார்க்க வந்தவர்கள் எல்லோரும் என் டிரைவரிடம் பேசினார்கள், பில்லை மட்டும் என்னிடம் நீட்டினார்கள். அந்த எரிச்சலில் ஆரம்பித்ததுதான் எல்லாம்.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். நிலம், மூன்று சிலிண்டர் டிராக்டர், அதன் மேல் இருக்கும் கடன் எல்லாம் என் பொறுப்பு. பகலில் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறேன். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ஆம் தேதி திறந்து, தண்ணீர் எங்கள் வாய்க்கால் வரை வந்து சேர்ந்துவிட்டால் ஊரில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வண்டி வேண்டும். அப்போது நம் வண்டி படுத்துக்கொண்டால் வாடகை போவது ஒரு பக்கம். "அவங்க வண்டியை நம்ப முடியாது" என்று பெயர் வந்துவிட்டால் அடுத்த போகத்துக்கும் கூப்பிட மாட்டார்கள்.

ஒரு வருடம், சம்பாவுக்குச் சேறடிக்கும் நேரத்தில் வண்டி கோளாறு பண்ணத் தொடங்கியது. கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டி வயலில் இறங்கும். கொஞ்ச நேரம் நன்றாக ஓடும். பிறகு யாரும் த்ராட்டிலைத் தொடாமலே சத்தம் ஏறும், இறங்கும். லோடு விழுந்தால் திணறி நின்றுவிடும். டவுனிலிருந்து வந்த பட்டறை ஆள் பானெட்டைத் திறந்தார், டீசல் பம்ப்பை ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டினார், "பம்ப் போயிடுச்சு, கழட்டி கலிப்ரேஷனுக்குக் கொடுக்கணும்" என்று டிரைவரிடம் சொன்னார். வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "சீசன் நேரம், சொன்னபடி செஞ்சிடு" என்றார். நான் தொகையைக் கேட்டேன். கேட்டதும் பம்ப் நன்றாகத்தான் இருக்கிறது என்று எனக்கு ஒரு திடமான நம்பிக்கை வந்துவிட்டது. ஆதாரம் ஒன்றும் கிடையாது.

கூத்தாநல்லூர்ப் பக்கம் பாய் ஒருவர் இருந்தார். பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருந்தவர். அவருக்குப் போன் போட்டு, வண்டி எப்போது நிற்கிறது, எப்படி நிற்கிறது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"டீசல் எதுவரைக்கும் வருது, டீச்சரம்மா?"

"டேங்க்ல இருக்கே பாய்."

"டேங்க்ல இருக்கிறது எஞ்சினுக்கு எப்படித் தெரியும்? வழியில எதுவரைக்கும் வருதுன்னு பாத்துச் சொல்லுங்க. பம்ப்பை அப்புறம் திட்டலாம்."

எது கெட்டுப்போயிற்று என்றுதான் அதுவரை எல்லோரும் கேட்டார்கள், நான் உட்பட. அந்தக் கேள்விக்குப் பதிலாக ஏதாவது ஒரு சாமானைக் காட்டியே ஆகவேண்டும். காட்டுகிறவர் விலை உயர்ந்ததைக் காட்டுவார். எதுவரை வருகிறது என்று கேட்டால் பதில் ஒரு இடம். அந்த இடத்தைப் பைசா செலவில்லாமல் தேடலாம். எனக்கு இந்தப் பேச்சு மிகவும் பிடித்துப்போயிற்று.

வழியைச் சொல்லிவிடுகிறேன். டேங்கின் அடியில் ஒரு குழாய்த் திருகு, அதற்குள் கம்பி வலை. அங்கிருந்து ஒரு பைப் ஃபீட் பம்ப்புக்கு வரும். ஃபீட் பம்ப்பின் வாயில் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம். கசடும் தண்ணீரும் அதில் தங்கும். பம்ப்பின் தலையில் கையால் அடிக்கிற குமிழ் ஒன்று இருக்கும், அதைக் கை பம்ப் என்போம். ஃபீட் பம்ப் தள்ளுகிற டீசல் இரண்டு ஃபில்டர்களைத் தாண்டிப் பெரிய பம்ப்புக்கு, அதாவது பட்டறைக்காரர் தட்டிப் பார்த்த பம்ப்புக்குப் போகும். அது மூன்று இரும்புக் குழாய்கள் வழியாக மூன்று நாசில்களுக்கு அனுப்பும். மிஞ்சியது மெல்லிய குழாயில் டேங்குக்கே திரும்பும்.

இதில் கவனிக்கவேண்டியது, ஃபீட் பம்ப் வரைக்கும் உள்ள பாதை உறிஞ்சுகிற பாதை. அதற்குப் பிறகு தள்ளுகிற பாதை. தள்ளுகிற பாதையில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுகும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சுகிற பாதையில் ஓட்டை இருந்தால் எஞ்சின் ஓடும்போது வெளியே ஒன்றும் வராது, காற்றுதான் உள்ளே போகும். இளநீரில் போட்ட ஸ்ட்ராவில் மேலே ஒரு கீறல் விழுந்தால் என்ன ஆகுமோ அதுதான். உறிஞ்சுகிறோம், ஒரு சொட்டும் சிந்தவில்லை, வாய்க்கு மட்டும் எதுவும் வருவதில்லை.

காற்று கொஞ்சம் போனால் என்ன என்று தோன்றும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் நடத்துகிற பாடம்தான் பதில்: காற்று அமுங்கும், திரவம் கிட்டத்தட்ட அமுங்காது. எங்கள் வண்டி மாதிரி 35 எச்.பி. எஞ்சின் முழு லோடில் 2000 ஆர்.பி.எம். ஓடினால் ஒவ்வொரு நாசிலும் நிமிடத்துக்கு 1000 முறை தெளிக்க வேண்டும். ஒரு தடவைக்குச் சுமார் 40 கன மில்லிமீட்டர், ஒரு சொட்டு கூட இல்லை. நாசில் திறக்க ஏறக்குறைய 200 பார் அழுத்தம் வேண்டும். டீசலோடு குமிழி கலந்திருந்தால் பம்ப்பின் பிளஞ்சர் அந்தக் குமிழியை அமுக்குவதிலேயே தன் ஓட்டத்தைத் தீர்த்துவிடும். அழுத்தம் ஏறாது, நாசில் திறக்காது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சினில், அழுத்தக் காற்றை வைத்துத்தான் எரிபொருளை உள்ளே ஊதினார். அதற்கென்று தனியாக ஒரு கம்ப்ரஸர். அது இல்லாமல் எண்ணெயை மட்டும் அமுக்கித் தெளிக்கிற பம்ப்பை பாஷ் கம்பெனி 1927-இல் வரிசையாகத் தயாரிக்கத் தொடங்கிய பிறகுதான் டீசல் எஞ்சின் லாரிக்கும் டிராக்டருக்கும் ஏற்ற சாமானாயிற்று. அதன் பிறகு காற்று பரம எதிரி.

பாய் புகையைப் பற்றியும் கேட்டார். இழுவை குறைகிற நேரத்தில் கரும்புகை தள்ளுகிறதா? இல்லை, புகையே குறைந்து போகிறது என்றேன். "அப்ப டீசல்தான் பத்தலை. காத்து வடிகட்டியைக் கழட்டி நேரத்தை வீணாக்காதீங்க." இழுவையும் இல்லை, கரும்புகையும் வருகிறது என்றால் காற்றுப் பற்றாக்குறை, அல்லது நாசில் ஒழுகி டீசலைக் கொட்டுகிறது. இழுவையும் இல்லை, புகையும் இல்லை என்றால் டீசல் வந்து சேரவில்லை. காலையில் செல்ஃப் அடிக்கும்போதும் இதே கணக்கு உதவும். சைலன்சரில் சுத்தமாகப் புகை இல்லையா, சிலிண்டருக்கு டீசல் போகவே இல்லை. வெள்ளைப் புகை வருகிறதா, டீசல் போகிறது, எரியவில்லை; அது வேறு விவகாரம். (ஸ்டாப் கேபிள் துருப்பிடித்துப் பாதியில் நின்றாலும் புகை வராது. பம்ப்பின் மேல் உள்ள ஸ்டாப் லீவரைக் கையால் தள்ளிப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுவது நல்லது. பேட்டரியை இறக்கிவிட்டுப் பிறகு இதைக் கண்டுபிடித்தவர்களை எனக்குத் தெரியும்.)

ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் களத்தில் நிறுத்தி நானும் டிரைவரும் ஆரம்பித்தோம். டிரைவர் ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படித்த பையன். பைப்பை ஃபீட் பம்ப் பக்கம் கழற்றி, டேங்கின் திருகைத் திறந்தோம். டேங்கில் அடிமட்டத்தில்தான் டீசல் இருந்தது. ஆனாலும் அடைப்பு என்று சொல்ல முடியாத அளவுக்கு வந்தது. சொட்டுச் சொட்டாக வந்திருந்தால் திருகுக்குள் இருக்கும் வலையையோ பைப்பையோ சந்தேகப்பட்டிருப்போம். பைப்பை மாட்டிவிட்டு, ஃபீட் பம்ப்புக்கும் ஃபில்டருக்கும் நடுவில், இருந்த பைப்பை எடுத்துவிட்டு ஒரு முழம் டிரான்ஸ்பரன்ட் ஓஸைக் கிளிப் போட்டு இறுக்கினோம். இந்த இடத்தில் அழுத்தம் குறைவு, அதனால் தைரியமாகச் செய்யலாம். எஞ்சினை ஓடவிட்டு ஓஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிர் மஞ்சளாக டீசல் ஓடியது. சிறிது நேரத்தில் கடுகளவு குமிழ்கள் வரிசையாக வந்தன. பிறகு பட்டாணி அளவில். ஒரு பெரிய குமிழ் கடந்துபோன சில நொடியில் எஞ்சின் சத்தம் இறங்கியது. அடுத்து வந்த டீசலைப் பிடித்ததும் ஏறியது. இரண்டு வாரமாக வயலில் கேட்ட சத்தத்தைக் கண்ணால் பார்த்தேன்.

அடுத்ததை பாய் போனிலேயே சொன்னார். ஒரு சுத்தமான பிளாஸ்டிக் கேனில் நல்ல டீசலை ஊற்றி, சைலன்சருக்குத் தள்ளி, எஞ்சினை விட உயரமாக மூங்கிலில் கட்டுங்கள். அதிலிருந்து ஓஸ் போட்டு நேராக ஃபீட் பம்ப் வாயில் மாட்டுங்கள். டேங்கும் அதன் பைப்பும் இப்போது ஆட்டத்தில் இல்லை. எஞ்சின் ஒழுங்காக ஓடினால் கோளாறு டேங்க் பக்கம். அப்போதும் தகராறு செய்தால் ஃபீட் பம்ப்பிலிருந்து இந்தப் பக்கம். இந்த ஒரு சோதனைக்காகவே அவருக்கு ஒரு மாலை போடலாம். பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றி, அதாவது ஏர் எடுத்துவிட்டு, ஓடவிட்டோம். குமிழே இல்லை. சத்தம் ஒரே சீர். பம்ப் போயிடுச்சு என்றவர் அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்திருக்கலாம் என்று நினைத்ததை ஒளிக்க மாட்டேன்.

அப்போதுதான் டிரைவர் வாயைத் திறந்தான். "டேங்க் ஃபுல்லா இருந்தா இந்தத் தொந்தரவே இல்ல டீச்சர். பாதிக்குக் கீழ எறங்குனாத்தான்."

"இதை ஏன்டா இவ்வளவு நாள் சொல்லல?"

"யாரும் கேக்கல டீச்சர்."

நானும் கேட்கவில்லை. பட்டறை ஆள் என்னிடம் பேசவில்லை என்று எனக்கு அத்தனை கோபம்; பன்னிரண்டு மணி நேரம் அந்த வண்டியிலேயே உட்கார்ந்திருப்பவனிடம் நான் எவ்வளவு பேசினேன் என்பதை இங்கே விரிவாக எழுத எனக்கு விருப்பமில்லை.

டேங்க் நிறைய இருந்தால் டீசலின் எடையே பைப்பில் தள்ளிக்கொண்டு இறங்கும், காற்று உள்ளே வர இடமில்லை. மட்டம் இறங்கிவிட்டால் ஃபீட் பம்ப் இழுத்தால்தான் வரும், அப்போது ஓட்டை வேலையைக் காட்டும். அப்படியானால் டேங்க் நிறைந்திருக்கும்போது அதே ஓட்டையில் லேசாக ஈரம் கசிய வேண்டும் அல்லவா? பைப்பை அங்குலம் அங்குலமாகப் பார்த்தோம். வண்டி முழுக்கவே தூசிதான். ஆனால் ஓர் இடத்தில், டேங்குக்குக் கொஞ்சம் தள்ளி பைப் வளைகிற இடத்தில் அதை இணைக்கிற பேஞ்சோ போல்ட்டைச் சுற்றி மட்டும், தூசி காய்ந்து உதிராமல் களிம்பாக ஒட்டியிருந்தது. விரலால் வழித்தால் கறுப்பாக வந்தது, டீசல் வாசனை. கழற்றிப் பார்த்தால் செம்பு வாஷர் இரண்டும் தேய்ந்து ஒரு பக்கம் பள்ளமாக இருந்தன. எப்போதோ கழற்றியவர்கள் பழைய வாஷரையே போட்டு, பலத்தை எல்லாம் காட்டி முறுக்கியிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. செம்பு இறுக இறுகக் கடினமாகிவிடும், பழுக்கக் காய்ச்சி எடுத்தால் மறுபடி மிருதுவாகும் என்பது பாய் சொன்ன இன்னொரு பாடம். இடுக்கியில் பிடித்து கேஸ் அடுப்பில் காட்டினேன். முதலில் வானவில் நிறமெல்லாம் ஓடி, பிறகு கறுத்து, பிறகு செவேலென்று ஆனது. தண்ணீரில் போட்டதும் சுர்ரென்றது. எஃகை இப்படித் தண்ணீரில் போட்டால் இறுகும், செம்பு இறுகாது. மேலே படிந்த கரியை, கண்ணாடித் தகட்டின் மேல் விரித்த மெல்லிய உப்புத்தாளில் தேய்த்துச் சமன்செய்து மாட்டினோம். என் மாமியார் அடுப்பைக் கழுவிவிட்டுத்தான் அன்று உலை வைத்தார். மறுநாளே புது வாஷர் வாங்கிவிட்டேன். அதன் விலையைச் சொன்னால் பம்ப் ரிப்பேருக்கு ஒப்புக்கொள்ள இருந்தவர் சிங்கப்பூரில் சங்கடப்படுவார்.

பைப்பைக் கழற்றி மாட்டினால் ஏர் எடுக்காமல் வண்டி கிளம்பாது. கை பம்ப்பின் குமிழை இடப்பக்கம் திருகி விடுவித்து, ஃபில்டரின் மேல் உள்ள பிளீடிங் ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்தி, அடிக்க வேண்டும். புஸ் புஸ் என்று நுரை துப்பும். நுரை நின்று குமிழில்லாத டீசல் வரும்போதே, கை அடித்துக்கொண்டிருக்கும்போதே, ஸ்க்ரூவை இறுக்கவேண்டும். நிறுத்திவிட்டு இறுக்கினால் காற்று திரும்ப நுழையும். பிறகு இரண்டாவது ஃபில்டர், பிறகு பெரிய பம்ப்பின் ஸ்க்ரூ. டேங்குக்குக் கிட்டே உள்ளதிலிருந்து தூரத்தில் உள்ளதற்குப் போகவேண்டும், மாற்றிச் செய்யக்கூடாது. கை பம்ப் அடிக்கும்போது கையில் எதிர்ப்பே இல்லாமல் லொடலொடவென்று இருந்தால், உள்ளே இருக்கும் வால்வில் தூசி மாட்டியிருக்கிறது, அல்லது அதற்கு முன்னால் எங்கோ காற்று இழுக்கிறது. கடைசியில் குமிழைக் கீழே அழுத்தித் திருகிப் பூட்ட மறந்தால் அங்கேயே ஒரு புது ஒழுக்கு ஆரம்பிக்கும்.

நாசில் குழாய்களைப் பற்றி மட்டும் சிரிப்பில்லாமல் சொல்ல வேண்டும். எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு நாசில் குழாயின் நட்டாக லேசாகத் தளர்த்துவார்கள். தளர்த்தியதும் சத்தம் மாறினால் அந்த சிலிண்டர் வேலை செய்துகொண்டிருந்தது. மாறாவிட்டால் அங்கேதான் மிஸ்ஸிங். பழைய வண்டிகளில் பழகியவர்கள் செய்கிற பரிசோதனை இது. அந்தக் கசிவின் கிட்டே கையைக் கொண்டுபோகக் கூடாது. நாசிலிலிருந்தோ குழாய் வெடிப்பிலிருந்தோ பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தின அடையாளம்தான் தெரியும், முதலில் பெரிய வலியும் இருக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கும். சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரல் போகும், கையே கூடப் போகலாம். வலிக்கவில்லையே என்று மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு உட்காரக் கூடாது. டீசல் உள்ளே ஏறியிருக்கிறது என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். சந்தேகமான இடத்தில் ஒரு அட்டையைக் காட்டினால் நனைந்து சொல்லிவிடும். 50 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து புது மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தது; அவற்றில் பலவற்றில் இருப்பது காமன் ரெயில் எஞ்சின். அவற்றில் அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேலே. அந்த வண்டியில் ஓடும்போது நட்டைத் தளர்த்துகிற வேலையே கிடையாது. கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கிறவரிடம் விட்டுவிட வேண்டும்.

என் கஞ்சத்தனத்துக்கும் ஓர் எல்லை உண்டு, அது பெரிய பம்ப். எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் அதை மைக்கோ பம்ப் என்பார்கள்; 1951-இல் தொடங்கிய மைக்கோ கம்பெனிக்கு 2008-இலேயே பாஷ் என்று பெயர் மாறிவிட்டது. உள்ளே பிளஞ்சருக்கும் அது ஓடுகிற பேரலுக்கும் உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் இரண்டு மூன்று பங்குதான். இரண்டையும் ஜோடியாகத் தேய்த்துச் சேர்த்திருப்பார்கள், ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. அந்த இடைவெளிக்கு உயவும் டீசல்தான், தனி எண்ணெய் இல்லை. அதனால்தான் ஒரு துளி தண்ணீரோ ஒரு மணல் துகளோ போனால் அது கீறிக்கொண்டு ஓடும். பின்னொரு வருடம் நாசில் ஒழுகி நிஜமாகவே கலிப்ரேஷன் கடைக்குப் போகும்படி ஆயிற்று. தஞ்சாவூரில் ஒரு சின்ன அறை. தரையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்து வைத்திருந்தார்கள், செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். நாசிலை ஒரு கை நெம்புகோல் வைத்த டெஸ்டரில் மாட்டி அழுத்தினார் கடைக்காரர். எங்கள் நாசில் மூக்கில் ஒரு சொட்டு திரண்டு நின்றது, பிறகு ஒரு கோணலான நீர்த்தாரை. பக்கத்தில் நல்லதை மாட்டி அழுத்தினார். கிர்ரென்று ஒரு சத்தம், நாலு பக்கமும் ஒரே அளவில் பொடிப்பொடியாகத் தூவி, அழுத்தத்தை விட்டதும் மூக்கு காய்ந்திருந்தது. அந்தக் கடையில் நான் பேரம் பேசவில்லை.

தண்ணீர் என்றதும் டிரம் ஞாபகம் வருகிறது. சீசனுக்கு டீசலை மொத்தமாக வாங்கி 200 லிட்டர் டிரம்மில் வைப்போம். நிமிர்த்தி வைத்த டிரம்மின் தலையில் மழைத் தண்ணீர் தேங்கும். பகலில் வெயிலில் உள்ளே உள்ளது விரிந்து காற்று வெளியேறும்; இரவில் குளிர்ந்து சுருங்கும்போது மூடியின் மரை வழியாகத் தேங்கிய தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். மூடி இறுக்கமாகத்தானே இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். தண்ணீர் டீசலை விடக் கனம், அடியில் போய் உட்காரும். அந்தத் தண்ணீரும் டீசலும் சேருகிற விளிம்பில் நுண்ணுயிர்கள் வளரும். டீசலைத் தின்று வளர்கிற பூஞ்சை என்று நான் வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை. ஃபில்டரைத் திறந்தபோது கறுப்பாக, வழுவழுவென்று ஜவ்வாகத் தொங்கியதை ஒரு பாட்டிலில் போட்டுக்கொண்டுபோய்க் காட்டினேன். இப்போது டிரம்மைச் சாய்த்து, மூடி உயரப் பக்கம் இருக்கும்படி கூரைக்கடியில் வைக்கிறோம். உறிஞ்சு குழாய் அடியைத் தொடாமல் நாலு விரல் மேலே நிற்கிறது. டிரம்மை ஆட்டி உருட்டிய நாளில் அதிலிருந்து எடுப்பதில்லை, ஒரு நாள் தெளியவிடுகிறோம். பங்க்கில் கலப்படம் என்று சத்தம் போடுவதற்கு முன்னால் கண்ணாடிக் கிண்ணத்தில் வந்ததை ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துப் பார்ப்பேன். கோடு கிழித்தாற்போல அடியில் தண்ணீர் நின்றால் முதலில் நம் வீட்டு டிரம்மைத்தான் பார்க்கவேண்டும். பங்க்கில் கேட்க வேண்டியதைக் கேட்கலாம்தான். டென்சிட்டி பார்க்கும் கருவியும் 5 லிட்டர் அளவைப் பாத்திரமும் அங்கே இருக்கும், கேட்டால் காட்டவேண்டும்.

டேங்குக்குள்ளும் இதே கதை. பாதி காலியான டேங்கில் மீதி இடம் முழுக்கக் காற்று. ஐப்பசி இரவில் அதில் உள்ள ஈரம் உள்சுவரில் வியர்த்து இறங்கும். அதனால் வேலை முடிந்த சாயங்காலமே டேங்கை நிரப்பிவிடச் சொன்னார் பாய். டிரைவர் ஒப்பவில்லை. "ரொப்பி நிறுத்தினா காலையில பாதிதான் டீச்சர் இருக்கும். ஓஸைப் போட்டு இழுத்துடுவானுங்க." அவன் சொன்னதும் நியாயம்தான், களத்தில் நிறுத்தும் வண்டிக்குக் காவல் யார்? சாவி போட்டுப் பூட்டுகிற டேங்க் மூடி ஒன்று விலை மலிவாகக் கிடைத்தது, வாங்கி மாட்டினேன். இரண்டு பேருக்கும் திருப்தி.

மறுநாள் ரோட்டவேட்டர் ஓட்டும்போது அரை மணி நேரத்தில் வண்டி நின்றது. சிறிது நேரம் விட்டால் கிளம்பியது, மறுபடி நின்றது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். இடைவேளையில் போனைப் பார்த்து, ஓஸ், கேன், வாஷர் என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவன் அதற்குள் முடித்திருந்தான். வண்டி நின்றதும் மூடியைத் திறந்திருக்கிறான், புஸ்ஸென்று உள்ளே காற்றிழுக்கிற சத்தம். மூடியை லேசாகத் தளர்த்தி வைத்து ஓட்டினால் நிற்கவே இல்லையாம். "அந்தத் தகர டின் நசுங்குமே டீச்சர், கொதிக்க வெச்சு மூடித் தண்ணி ஊத்துவீங்களே, அதான். டீசல் எறங்க எறங்க உள்ள காத்து வரணும்ல. இந்த மூடியில ஓட்டையே இல்ல."

பழைய மூடியை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில், அழுக்கு அடைந்த ஒரு சின்னத் துளை. புது மூடியில் நாமே ஒரு துளை போடலாமா என்றான். மழைத் தண்ணீர் இறங்கும், வேண்டாம் என்றேன். கடைக்காரர் பூட்டிப் பார்த்த மூடியைத் திரும்ப வாங்கமாட்டேன் என்றார். காற்று போக வால்வு வைத்த மூடி வேறு இருக்கிறது, விலை கூட என்றார். வாங்கிக்கொண்டேன். டேங்கைச் சாயங்காலம் நிரப்புவதா காலையில் நிரப்புவதா என்ற வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் என் பேச்சு, மற்ற மாதங்களில் அவன் பேச்சு என்று ஓடிக்கொண்டிருக்கிறது.